ஏழாம் போத்தல்

சோடாப் போத்தல்கள் ஒன்பதுதான் இருந்தன. பெட்டியில் பத்துக் குழி. ஏழாவது குழி காலியாகக் கிடந்தது.

"யாரோ தாகத்துல ஒண்ணை எடுத்துக் குடிச்சீப்பான் மிஸ்," என்றான் பலீல்.

"குடிச்சிருந்தா ஆளைத் தேடத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில போய்ப் பேர் கேட்டாச் சரி," என்றார் சரோஜினிதேவி. "இது சோடா இல்லை, பலீல். கொட்டாஞ்சேனையில பழைய பற்றறி பாக்டரியைச் சுத்தியிருக்கிற பத்துக் கிணத்திலயும் அள்ளின தண்ணி. ஈயம் கலந்திருக்கோ எண்டு சோதிக்க எடுத்தது."

பலீல் கையில் எடுத்த போத்தலை மெல்லத் திரும்ப வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு வீதியில் இருந்த லொட்ஜின் ஐந்தாம் நம்பர் அறை அது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. சரோஜினிதேவி புதுக்கடைக் கோர்ட்டுகளில் இருபத்தாறு வருஷம் மொழிபெயர்ப்பாளராக நின்றவர். கள்ளன் சொல்லும் பொய்யையும் சட்டத்தரணி சொல்லும் பொய்யையும் மூன்று பாஷையிலும் கேட்டுக் கேட்டுக் காது பழுத்துப் போனவர். பென்சன் எடுத்த பிறகு ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, காணாமற் போன பத்திரங்களையும் ஆட்களையும் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த யுத்த வருஷங்களில் இரண்டுக்கும் பஞ்சமே இருக்கவில்லை. பலீல் அவருடைய உதவியாளன், சாரதி எல்லாம். அவனுடைய த்ரீவீலரில் ஏறினால் அவன் வாயும் இலவசமாகக் கூடவே வரும்.

வாசலில் நின்ற நேசமலர் ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்கு இவரை ஏத்திப்போடுவினமாம், அக்கா. தெற்கே தடுப்பு முகாமுக்கு. ஏத்தினாப் பிறகு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அவளுடைய கணவன் வரதராசா ஓர் இரசாயன ஆய்வாளர். அந்த வருஷம் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பு மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது. அப்போதுதான் அரசாங்கம் திடீரென்று சூரியனைக் கண்டுபிடித்தது. தெற்கே காற்றாலை, கொட்டாஞ்சேனையில் சூரியத் தகடு என்று திட்டம் போட்டார்கள். தகடு பதிக்கப் பார்த்த காணியோ இருபது வருஷத்துக்கு முன் மூடிய பற்றறி பாக்டரியின் காணி. கடன் கொடுக்க வந்த வெள்ளைக்காரர், முதலில் மண்ணில் இருக்கிற நஞ்சை அகற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கொன்ட்ராக்ரர் மேல் மண்ணை வாரிக் கொண்டுபோய், சுத்தம் என்று கையெழுத்தும் வைத்துவிட்டார். உண்மையிலேயே சுத்தமா என்று கிணறுகளைச் சோதித்து, வருகிற திங்கட்கிழமை அறிக்கை கொடுப்பதுதான் வரதராசாவின் வேலை.

புதன்கிழமை காலையில் யாரோ ஒருவன் பொலிசுக்குப் போன் பண்ணினான். தமிழ்க் குரல், வேறு விபரமில்லை. வந்து பார்த்தவர்களுக்கு ஒரு தமிழனின் அறையில் பன்னிரண்டு பற்றறி, ஒரு சுருள் வயர், சிவப்புப் புள்ளி குத்திய கொழும்பு வரைபடம் எல்லாம் ஒருங்கே கிடைத்தன. வேறென்ன வேண்டும்? சூரியத் தகடு என்று அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வெள்ளவத்தைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அமைச்சு குடுத்த கடிதம் ஒண்டு இருந்தது. பற்றறியும் வரைபடமும் அரசாங்க வேலைக்கு எண்டு சீல் குத்தின கடிதம்," என்றாள் நேசமலர். "அடையாள அட்டை ஐ.சி.யோட ஒரே பிளாஸ்ரிக் கவருக்குள்ளதான் வைச்சிருக்கிறவர். பொலிசில கவரைத் திறக்க ஐ.சி. இருந்ததாம். கடிதம் இல்லை. தண்ணிக் கணக்கு எழுதின கொப்பியும் இல்லை."

"கதவு பூட்டு உடைஞ்சதோ?"

"இல்லை அக்கா."

சரோஜினிதேவி போத்தல்களின் லேபிளைப் பார்த்தார். வரதராசாவின் குண்டுக் கையெழுத்து. ஆறாம் போத்தலில் 41/12 என்று வீட்டு நம்பர். எட்டாவதில் 41/20. ஏழாவது, ஒரே லேனில் அந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ.

லொட்ஜின் முற்றத்துக் குழாயடியில் கிளாக் தியாகராசா இரண்டு பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, ஒடிசலான ஆள். லொட்ஜில் தங்குகிறவர்களின் பதிவுப் பத்திரங்களைச் சேர்த்துப் பொலிசுக்குக் கொண்டுபோய், முத்திரை குத்தித் திரும்பக் கொண்டுவருவது அவருடைய வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் தெருவில் நடக்கவே முடியாது.

"பதினொரு மணிக்குக் கரண்ட் வெட்டு, அம்மா. மோட்டர் வேலை செய்யாது. மேல்மாடிக்குத் தண்ணி வேணுமெல்லோ," என்றார் கேட்காமலே. பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொன்ட்ராக்ரரின்ர ஆள் ஒருத்தர், கிளறன்ஸ் எண்டு, போன கிழமை வந்து ஐஞ்சாம் நம்பரை எட்டி எட்டிப் பாத்தவர். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. நான் இந்த லொட்ஜிலயே கிடக்கிற மனிசன். எனக்கொரு வம்பும் வேண்டாம்."

பேசிக்கொண்டே கான்களின் மூடியைப் பொலித்தீனால் மூடி, சைக்கிள் டியூப் கீலத்தால் சுற்றி இறுக்கிக் கட்டினார். சரோஜினிதேவி அந்த முடிச்சை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

கொள்ளுப்பிட்டியில் அமைச்சு அலுவலகத்தில் ஒரு மணித்தியாலம் வீணாகப் போனது. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி வெளிநாட்டில். பிரதி அவருடைய அலுமாரியில். அலுமாரித் திறப்பும் அவரோடு வெளிநாட்டில்.

"சூரிய சக்தி படிக்கப் போயீக்கிறாராம்," என்றான் பலீல் த்ரீவீலரைக் கிளப்பியபடி. "அவர் போன ஊர்ல சூரியனே இல்லையாம் மிஸ்."

சரோஜினிதேவி சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டே கால். வழியில் மூன்று செக் பொயின்ற். மூன்றிலும் சீற்றைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பாக்டரிக் காணியின் வாசலில் சிரிக்கிற சூரியன் படம் போட்ட பெரிய பலகை நட்டிருந்தது. திட்டத்தில் இதுவரை முடிந்திருந்த வேலை அது ஒன்றுதான். தகரக் கொட்டிலுக்குள் கிளறன்ஸ் ஒரு சோடாவை வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டியபடி இருந்தார். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த, தொந்தி வைத்த மனிதர்.

"போனேன்தான். இல்லைன்னு சொல்லலையே," என்றார். "ரிப்போட் எப்படி வரும்னு கேக்கப் போனேன். அந்தாளு வாயே தெறக்கல. வந்துட்டேன்."

"ரிப்போட் பாதகமா வந்தா உங்களுக்குத்தானே அங்கிள் நஷ்டம்?" என்றான் பலீல்.

"எனக்கு என்னா நஷ்டம்? மண்ணு கெட்டதுன்னு எழுதினா மறுபடி அள்ளச் சொல்லுவாங்க. அள்ளுவோம். அதுக்கும் கூலி உண்டுதானே! கெணறு கெட்டதுன்னு எழுதினாத்தான் கஷ்டம். அதுவும் எனக்கில்ல. ஆள் இருக்க உதவாதுன்னு லேனையே எழுப்பிடுவாங்க. அந்தச் சனத்துக்குத்தான் கஷ்டம்."

"ஒரு போத்தல் குறையுது, மிஸ்டர் கிளறன்ஸ்," என்றார் சரோஜினிதேவி.

"ஒண்ணா?" கிளறன்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். "நான் எடுத்தா பத்தையும்ல எடுத்திருப்பேன்! ஒத்தப் போத்தல எடுத்து நான் என்னா பண்றது?"

சரோஜினிதேவி எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அந்தப் பழைய கோர்ட்டுக் களை வந்திருந்ததைப் பலீல் கண்டான். சாட்சி தன்னையறியாமல் உண்மையைக் கக்கும்போது வருகிற களை அது.

"இந்த மனிசன் தன்ர வழக்கையும் வெண்டு எங்கட வழக்கையும் பாதி முடிச்சுத் தந்திட்டார், பலீல். ஒரே ஒரு கிணத்தை மறைக்க நினைச்சவன்தான் ஒரு போத்தலை எடுப்பான். வாரும், லேனுக்குள்ள போவம்."

அவர்கள் 41ஆம் லேனில் இருபது யார் உள்ளே போயிருப்பார்கள். பின்னால் லொறியின் சத்தம் கேட்டது. பலீல் திரும்பிப் பார்த்தான். லேனின் வாயை ஓர் ஆமி லொறி குறுக்கே நின்று அடைத்திருந்தது. மறுமுனையில் இன்னொன்று. இரண்டு பக்கமும் துவக்கோடு ஆட்கள் குதித்து இறங்கினார்கள். ஒலிபெருக்கி சிங்களத்தில் அலறியது. எல்லாரும் வெளியே வா. ஐ.சி., பதிவுப் பத்திரம் கையில் எடு. யாரும் லேனை விட்டுப் போகக் கூடாது.

"சுற்றிவளைப்பு," என்றார் சரோஜினிதேவி.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"போன மாசம் காலமை ஆறு மணிக்குத் தொடங்கி மூண்டு மணிக்கு விட்டவை."

மணி ஒன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. பலீலுக்குப் பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. இந்த லேனுக்குள் வந்து மாட்டியது தன் தலைவிதி என்றால், வெள்ளவத்தையில் இரும்புக் கம்பிக்குப் பின்னால் குந்தியிருக்கிற மனிதனின் தலைவிதி அதைவிட மோசம்.

*

லேன் சனம் முழுவதும் சுவரோரமாகக் குந்தியிருந்தது. எழுபது எண்பது பேர். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள். நடுவில் சில முஸ்லிம் வீடுகள். எல்லார் கையிலும் பிளாஸ்ரிக் கவர். வெயில் தலையைப் பிளந்தது. ஆமிக்காரர் வீடு வீடாகப் புகுந்து பானை சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேனின் வாயில் ஒரு மேசையைப் போட்டு இளம் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். சரோஜினிதேவி நேரே அவரிடம் போய் நல்ல சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகவே கேட்டார்.

"கடிதம் இருந்தால் காட்டுங்கள், நோனா. இப்போதே ரேடியோவில் பேசுகிறேன். இல்லாத கடிதத்தைப் பற்றி நான் எப்படிப் பேசுவது? இந்த வேலை முடியும்வரை யாரும் வெளியே போகவும் முடியாது."

"எப்போது முடியும்?"

"தமிழ் தெரிந்த ஆள் இன்னும் வந்து சேரவில்லை. வந்தால்தான் தொடங்கவே முடியும்."

சரோஜினிதேவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷம் எனக்கு இதுதான் தொழில். தொடங்குங்கள்."

அப்படித்தான் அவர் அந்த மேசையின் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பத்திரத்தை நீட்டினார்கள். அவர் பேரையும் விலாசத்தையும் உரக்க வாசித்து, அதிகாரியின் கேள்வியைத் தமிழில் சொல்லி, பதிலைச் சிங்களத்தில் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஒன்றரை ஆனது. இரண்டரை ஆனது. பலீல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் லேனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

அப்போதுதான் அவன் கண்டான். 41/16 என்ற வீட்டின் படியில் இரண்டு பிளாஸ்ரிக் கான். மூடியில் பொலித்தீன், சைக்கிள் டியூப் கீலம். படிக்குப் பின்னால், எல்லாருக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு லொட்ஜ் கிளாக் தியாகராசா.

பலீல் மேசையடிக்கு ஓடிப்போய்க் காதோடு சொன்னான். சரோஜினிதேவி தலையைத் திருப்பவே இல்லை.

"தெரியும். மேல்மாடிக்குக் கொண்டுபோற தண்ணிக்கு ஆர் மூடி கட்டுறது? பஸ்ஸில கொண்டுபோறவன்தான் கட்டுவான். ஆனா எங்கை கொண்டுபோறான் எண்டு இப்பத்தான் விளங்குது. விடும். அவர் தானா வருவார்."

"ஓடிட்டா?"

"எங்கை ஓடுறது? பத்திரத்தைக் காட்டினா அவரின்ர வீடு எதெண்டு எனக்குத் தெரியவரும். காட்டாட்டி அவங்கள் லொறியில ஏத்துவாங்கள்."

பலீலுக்கு அந்த மனிதனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. சுவரோர வரிசை குறையக் குறைய, தியாகராசாவுக்கு முன்னால் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, அவர் மறைந்திருக்க இருந்த முதுகுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் அவருக்கு முன்னால் யாருமில்லை.

மூன்று மணி. தியாகராசா வந்தார். பக்கத்தில் மனைவி நாகேஸ்வரி, இடுப்பில் ஒரு சின்னப் பெண்பிள்ளை, பின்னால் இன்னும் இரண்டு. இடுப்புப் பிள்ளை வெளிறிப் போயிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அனுங்கியது. தியாகராசா பத்திரத்தைச் சரோஜினிதேவியின் கையில் கொடுத்தார்.

"தியாகராசா. மனைவி நாகேஸ்வரி. பிள்ளைகள் மூவர். விலாசம் 41/16," என்று சரோஜினிதேவி வாசித்தார். லொட்ஜ் என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டு ஹமீமா ஒரு ஜக்கும் இரண்டு கிளாசும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "எவ்வளவு நேரமா வெயில்ல நிக்கிறீங்க உம்மா. குடிங்க. இப்பத்தான் பதினாறாம் வீட்டுக் கெணத்துல அள்ளினது, நல்ல குளிர்."

சரோஜினிதேவி கிளாசை எடுத்தார். தியாகராசாவின் கண்ணை நேராகப் பார்த்தபடி உதட்டுக்கு உயர்த்தினார். அதிகாரியும் மற்றக் கிளாசை நோக்கிக் கையை நீட்டினார்.

"குடியாதேங்கோ!"

தியாகராசா பாய்ந்து தட்டிய தட்டில் கிளாஸ் பறந்துபோய் லொறிச் சில்லில் பட்டு உடைந்தது. மறுகணம் இரண்டு துவக்குகள் அவர் நெஞ்சுக்கு நேரே நின்றன.

"என்ன சொன்னான்?" என்று அதிகாரி சிங்களத்தில் கத்தினார்.

சரோஜினிதேவி நனைந்த கையைத் துடைக்கவில்லை. "குடிக்க வேண்டாம் என்கிறார்."

"ஏன்?"

அவர் தியாகராசாவின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்து வந்தது. "ஏனெண்டு கேக்கிறார். நீங்கள் சொல்லுறதை மட்டும்தான் நான் மொழிபெயர்க்கிறனான், தியாகராசா. நானா ஒண்டும் சேர்க்கமாட்டன். மணி மூண்டு பத்து. என்ன சொல்லவேணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

தியாகராசா மனைவியைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு முனையிலும் நின்ற லொறிகளைப் பார்த்தார். பலீல் தன் வாழ்நாளில் ஒரு மனிதன் இவ்வளவு நெருக்கப்பட்டு நின்றதைக் கண்டதில்லை.

"இந்தக் கிணத்துத் தண்ணி நஞ்சு," என்றார் தியாகராசா.

சரோஜினிதேவி சிங்களத்தில் சொன்னார்.

"பதிவு புதுப்பிக்க எண்டு வரதராசா ஐயா தன்ர கவரை என்னட்டத் தந்தவர். அறைத் திறப்பும் என்னட்ட ஒண்டு இருக்கு. கொப்பியில ஏழாம் பக்கத்தைப் பாத்தன். எங்கட வீட்டு நம்பர். ஆக மோசம் எண்டு அடியில கோடு போட்டு எழுதியிருந்தவர்."

அதையும் சொன்னார். கோர்ட்டில் சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் சிங்களம் மட்டும் தெரிந்தவர்களுக்கு, குற்றத்தைச் சரோஜினிதேவியே ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது.

"திங்கட்கிழமை அறிக்கை போனா எங்களை எழுப்பிப்போடுவினம். இந்த வீட்டுக்கு முன்னம் பதினேழு வீடு கேட்டு அலைஞ்சனான். யாழ்ப்பாணத்துச் சனம் எண்டவுடன கதவைச் சாத்தினவை. வீடில்லாட்டிப் பதிவில்லை. பதிவில்லாட்டி..." அவர் துவக்குகளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "அதுதான் அந்தப் போத்தலையும் கொப்பியையும் கடிதத்தையும் எடுத்துப்போட்டுப் போன் பண்ணினன். அஞ்சாறு நாள் உள்ள இருப்பார், திங்கட்கிழமை கழிஞ்சு போகும், பிறகு கடிதத்தை எப்பிடியும் குடுப்பம் எண்டு நினைச்சன். முகாமுக்கு ஏத்துவினம் எண்டு நினைக்கேல்லை. சத்தியமா நினைக்கேல்லை."

பதிவுப் பத்திரம் இருந்த கவருக்குள்ளேயே, அதற்குப் பின்னால் மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். சீல் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் வைத்தால் ஆமி கண்டுபிடிக்கும், எறிந்தால் ஒரு மனிதனின் உயிர் போகும் என்று மூன்று நாளாக நெஞ்சோடு சுமந்து திரிந்திருக்கிறார்.

அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ரேடியோவைக் கையில் எடுத்தார். அந்த நாலைந்து நிமிஷமும் பலீலுக்கு நாலைந்து வருஷமாக இருந்தது. ரேடியோ கரகரத்தது, நின்றது, திரும்பக் கரகரத்தது.

"வாகனத்தில் ஏற்றிவிட்டார்களாம். இறக்கச் சொல்லியிருக்கிறேன்," என்றார் அதிகாரி. "கடிதத்தைக் கொண்டுவந்து காட்டி, மனைவி கையெழுத்துப் போட்டால் கூட்டிக்கொண்டு போகலாம்."

பலீல் "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். அவன் கண் கலங்கிப் போயிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று அவன் கவலைப்படவில்லை.

ஆனால் லேனில் வேறு யாரும் சந்தோஷப்படவில்லை. நாகேஸ்வரி இன்னும் அதே இடத்தில் அசையாமல் நின்றாள். தமிழில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதிகாரியின் காதுக்குப் போக முன்னமே அவளுடைய காதில் விழுந்துவிட்டது.

"எத்தினை நாளாத் தெரியும்?" என்று கணவனைக் கேட்டாள்.

"பதினொரு நாள். அண்டையில இருந்து பிள்ளையளுக்குக் குடிக்க வெள்ளவத்தையில இருந்து கொண்டு வாறன்தானே. ஒவ்வொரு செக் பொயின்ற்றிலயும் ஒரு வாய் குடிச்சுக் காட்டிக் காட்டி..."

"பைப் தண்ணி ருசி எண்டு சொன்னனீங்கள். நான் சோறு காய்ச்சினது இந்தக் கிணத்துத் தண்ணியில. இவளுக்கு வயித்துக்குத்து எண்டு பூச்சி மருந்து குடுத்தனான்." அவள் குரல் உடைந்தது. "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே!"

"எண்ட புள்ளைகளும் இதத்தானே குடிச்சிச்சு," என்றாள் ஹமீமா. ஜக் இன்னும் அவள் கையில் இருந்தது. "தியாகராசாண்ண, ஒரு வார்த்த சொல்லலியே."

தியாகராசாவை லொறிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். பொய்த் தகவல் கொடுத்ததற்கு விசாரணை என்று அதிகாரி சொன்னார். அடிக்க மாட்டார்கள் என்றும் தானாகவே சொன்னார். ஏறும்போது தியாகராசா திரும்பிப் பார்த்தார். நாகேஸ்வரி பார்க்கவில்லை. அவள் படியிலிருந்த இரண்டு கானில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஹமீமாவின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

"பலீல், நீர் கடிதத்தைக் கொண்டு ஓடும். நேசமலரைக் கூட்டிக்கொண்டு நேரே ஸ்ரேசனுக்குப் போம். நான் இதை முடிச்சிட்டு வாறன்," என்றார் சரோஜினிதேவி. அதிகாரி தலையசைத்தார். லொறியை ஓரடி பின்னால் எடுத்தார்கள். பலீல் அந்த இடுக்கால் போகத் திரும்பியவன், அதிகாரியின் கேள்வி காதில் விழவே நின்றுவிட்டான்.

அதிகாரி தியாகராசா குடும்பத்தின் பதிவுப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். பேனை விலாசத்தின் மேல் நின்றது. "இந்தக் கிணற்றை மூடப்போகிறார்கள். அறிக்கை வந்தால் வீடும் இல்லை. இனி எங்கே இருக்கப் போகிறாள் என்று கேளுங்கள். நான் ஏதாவது எழுத வேண்டும்."

சரோஜினிதேவி கேட்டார்.

நாகேஸ்வரி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "இஞ்சதான் எண்டு சொல்லுங்கோ, அம்மா. தண்ணி எங்கையும் போய்த் தூக்கிக்கொண்டு வரலாம். விலாசத்தை எங்கை போய்த் தூக்கிறது?"

சரோஜினிதேவி, கூட்டாமல் குறைக்காமல், அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பேனையை மூடி வைத்துவிட்டு, 41/16 என்ற விலாசத்தின் மேல் முத்திரையைக் குத்திப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நாகேஸ்வரி அதை வாங்கி, கவருக்குள் வைத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே போனாள்.